இரட்டைக் காயில் சப்வூஃபரை ஆம்பின் ஓமுக்கு ஏற்றபடி இணைப்பது எப்படி?

கேள்வி இது: "என்னிடம் 12 அங்குல சப்வூஃபர் ஒன்று இருக்கிறது. இரட்டை வாய்ஸ் காயில், ஒவ்வொன்றும் 4 ஓம். வீட்டில் இருக்கும் இரண்டு சேனல் பவர் ஆம்பின் பின்பக்கத்தில் 8 ஓமுக்கு 100 வாட், 4 ஓமுக்கு 160 வாட், பிரிட்ஜில் 8 ஓமுக்கு 320 வாட் என்று போட்டிருக்கிறது. காயில்களை சீரிஸில் போடுவதா, பேரலலில் போடுவதா? இதே மாதிரி இன்னொரு சப்வூஃபரையும் பிறகு சேர்த்தால் என்ன செய்வது?"

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (வாய்ஸ் காயில் என்பது ஸ்பீக்கரின் கோனை, அதாவது முன்னால் தெரியும் கூம்பை, அசைக்கும் கம்பிச்சுருள்.) இரண்டு காயில்களையும் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு 8 ஓம் ஆக்குங்கள். பேரலலில், அதாவது பக்கம்பக்கமாகப் போட்டால் 2 ஓம் வரும். உங்கள் ஆம்ப் 2 ஓமுக்குச் செய்யப்பட்டதல்ல. 8 ஓமாக வைத்துக்கொண்டால் ஒரு சேனலிலும் மாட்டலாம், இரண்டு சேனலையும் சேர்த்து ஒன்றாக ஓட்டும் பிரிட்ஜிலும் மாட்டலாம். இரண்டாவது சப் வந்தால் அதையும் அதேபோல் 8 ஓமாக்கி, சேனலுக்கு ஒன்றாகக் கொடுங்கள். ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் நாளைக்கு வேறு ஆம்ப், வேறு சப் கைக்கு வந்தாலும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இம்பீடன்ஸ் என்பது மாறுமின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு, ஓமில் அளப்பது. "இம்பீடன்ஸ் மேட்ச் செய்வது" என்ற பேச்சுதான் பலரையும் குழப்புகிறது. வால்வு ஆம்புகளுக்கு அது பொருந்தும். அவற்றின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி முனைகள் இருக்கும்; 8 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் முனையில்தான் மாட்ட வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப் அப்படி அல்ல. அதன் சொந்த அவுட்புட் இம்பீடன்ஸ் பெரும்பாலும் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஸ்பீக்கரை அதற்குச் சமமாக்க யாரும் முயல்வதில்லை, முயலவும் கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப் கேட்பது ஒன்றே ஒன்று: அது தாங்கும் ஓமுக்குக் கீழே சுமை இறங்கக் கூடாது. குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதியிருந்தால் 4, 6, 8, 16 எல்லாமே பாதுகாப்பானவை. 3 ஓம், 2 ஓம், 1 ஓம் கூடாது. ஓம் ஏறினால் கிடைக்கும் வாட் குறையும், அவ்வளவுதான். ஓம் இறங்கினால் ஆம்புக்கே ஆபத்து. இந்த இரண்டு தவறுகளும் சம எடை உள்ளவை அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆம்ப் ஒரு குறிப்பிட்ட வால்யூமில் 20 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே 8 ஓம் இருந்தால் 2.5 ஆம்பியர் ஓடும், 50 வாட். 4 ஓம் என்றால் 5 ஆம்பியர், 100 வாட். 2 ஓம் என்றால் 10 ஆம்பியர், 200 வாட். காகிதத்தில் பார்த்தால் ஓம் பாதியாகும்போதெல்லாம் வாட் இரட்டிப்பாகிறது. இலவசமாகக் கிடைப்பது போலத் தெரியும். ஆனால் அந்த 10 ஆம்பியரும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் வழியாகத்தான் போக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் அதைக் கொடுக்க வேண்டும், ஃபில்டர் கப்பாசிட்டர்கள் அதைத் தாங்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் போகாத சக்தி முழுவதும் ஹீட்சிங்க்கில் சூடாக இறங்குகிறது. மின்னோட்டம் இரட்டித்தால் அந்தச் சூடும் இரட்டிக்கிறது. உங்கள் ஆம்பையே பாருங்கள். 8 ஓமில் 100 வாட், 4 ஓமில் 200 அல்ல, 160 தான். மின்னோட்டம் ஏறியதும் பவர் சப்ளை கொஞ்சம் தாழ்ந்துபோகிறது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. ஏற்கெனவே மூச்சு வாங்குகிற இடத்தில் 2 ஓமைக் கொண்டுபோய் மாட்டக் கூடாது.

காருக்கான ஆம்புகளை வைத்துப் பழகியவர்கள் "நான் 1 ஓமிலேயே ஓட்டியிருக்கிறேன்" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கும். காரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. மின்னழுத்தத்தை ஓரளவுக்குத்தான் ஏற்ற முடியும் என்பதால், அங்கே ஓமைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டி வாட் எடுக்கிறார்கள். ஆம்பையும் அதற்கேற்பவே வடிவமைக்கிறார்கள். இரட்டை 2 ஓம், இரட்டை 4 ஓம் சப்வூஃபர்கள் பெருகியதற்கும் அதுவே காரணம். வீட்டு ஆம்பில் உயர்ந்த மின்னழுத்தம் கிடைக்கிறது. அது 4 முதல் 8 ஓமை நினைத்துச் செய்யப்படுகிறது. கார் சப்பை வீட்டுக்குக் கொண்டுவரும்போது மாட்டுகிற சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்து வருபவைதான்.

சரி, இணைப்புக்கு வருவோம். காயில்களை முதல் காயில், இரண்டாம் காயில் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளஸ், ஒரு மைனஸ். சீரிஸ் என்றால், ஆம்பின் பிளஸ் முதல் காயிலின் பிளஸுக்குப் போகும். முதல் காயிலின் மைனஸிலிருந்து ஒரு சிறு ஒயர் இரண்டாம் காயிலின் பிளஸுக்குப் போகும். இரண்டாம் காயிலின் மைனஸ் ஆம்பின் மைனஸுக்குத் திரும்பும். ஓம் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்: 4 கூட்டல் 4, 8. பேரலல் என்றால் இரண்டு பிளஸும் ஒன்றாக, இரண்டு மைனஸும் ஒன்றாக. ஒரே ஓம் உள்ள காயில்கள் என்றால் எண்ணிக்கையால் வகுத்தால் போதும்: 4 வகுத்தல் 2, 2 ஓம். இரட்டை 2 ஓம் சப் என்றால் சீரிஸில் 4, பேரலலில் 1. இதைத் தவிர ஒரு சப்பில் வேறு வழி கிடையாது. "எனக்கு 4 ஓம்தான் வேண்டும், கையில் இருப்பது இரட்டை 4 ஓம் சப்" என்றால் அது ஒரு சப்பில் நடக்காது. சப் வாங்கும்போதே ஆம்பைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

நடக்காது என்கிறேன், ஆனால் ஒரு வழி உண்டு என்று சிலர் சொல்வார்கள்: ஒரே காயிலை மட்டும் மாட்டி, மற்றதைச் சும்மா விடுவது. மின்சாரக் கணக்கில் 4 ஓம் வந்துவிடும். ஆனால் காந்தத்தைப் பிடித்துத் தள்ளும் ஒயரின் நீளம் பாதியாகிறது. அதனால் கோனை அடக்கிப்பிடிக்கும் மின்சார பிரேக்கும் பாதியாகக் குறைகிறது. அந்தப் பிரேக் எவ்வளவு தளர்வு என்பதைக் காட்டும் கியூஇஎஸ் மதிப்பு இரட்டிப்பாகிவிடும். எந்தப் பெட்டிக்காகக் கணக்குப் போட்டீர்களோ அந்தப் பெட்டி இப்போது பொருந்தாது, பேஸ் இழுவையாகத் தெரியும். தாங்கும் வாட்டும் ஏறக்குறைய பாதியாகிவிடும். அவசரத்துக்கு ஓட்டிப் பார்க்கலாம், நிரந்தரமாக வேண்டாம். ஓட்டிப் பார்க்கும்போது சும்மா இருக்கும் காயிலின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டுவிடாதீர்கள். ஷார்ட்டான காயில் கோனைப் பிரேக் போட்டது போல இழுத்துப் பிடிக்கும்.

சீரிஸைப் பற்றி ஒரு பயம் பரவலாக இருக்கிறது. சீரிஸில் போட்டால் பேஸ் தளர்ந்துவிடும், பேரலலில்தான் இறுக்கமாக வரும் என்று. ஒரே கோனில் இருக்கும் இரண்டு காயில்களுக்கு இது உண்மையல்ல. பேரலலிலிருந்து சீரிஸுக்கு மாறும்போது காயிலின் மின்தடை நான்கு மடங்காகிறது, காந்த விசைக் காரணி இரண்டு மடங்காகிறது. பிரேக்கை நிர்ணயிப்பது அந்த விசைக் காரணியின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்து வரும் எண். நான்கை நான்கால் வகுத்தால் ஒன்று, எதுவும் மாறவில்லை. பெட்டியைக் கணக்கிட உதவும் ஸ்பீக்கர் எண்களான எஃப்எஸ், கியூடிஎஸ், விஏஎஸ் மூன்றும் அப்படியே இருக்கும். பெட்டியின் கன அளவையோ, போர்ட்டின் (பெட்டியில் காற்று போய்வரும் குழாயின்) நீளத்தையோ மாற்ற வேண்டியதில்லை. சொல்லப்போனால் டாம்பிங் ஃபாக்டர் என்பது சுமையின் ஓமை ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸால் வகுத்து வருவது; 8 ஓமில் அந்த எண் 2 ஓமில் இருப்பதைவிட நான்கு மடங்கு பெரியது. கேபிளில் வீணாவதும் குறைவு. பயப்படாமல் சீரிஸில் போடுங்கள்.

இனி பிரிட்ஜ். கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. பிரிட்ஜ் மோடில் ஒரு சேனல் தள்ளும்போது இன்னொரு சேனல் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. சப்வூஃபர் இரண்டு பிளஸ் முனைகளுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் மையத்தில் மின்னழுத்தம் எப்போதும் பூஜ்யம்தான். ஆகவே ஒவ்வொரு சேனலுக்கும் கண்ணில் படுவது பாதிச் சுமை மட்டுமே. 8 ஓமை பிரிட்ஜில் மாட்டினால் ஒவ்வொரு சேனலும் 4 ஓமை ஓட்டுவது போல உழைக்கிறது. உங்கள் ஆம்பின் எண்களையே சரிபாருங்கள்: 4 ஓமில் சேனலுக்கு 160 வாட், இரண்டு சேனல் சேர்ந்து 320. பிரிட்ஜில் 8 ஓமுக்கு எழுதியிருப்பதும் அதே 320. இதிலிருந்து பிரிட்ஜில் 4 ஓம் ஏன் கூடாது என்பதும் தெளிவாகிவிடும். அங்கே ஒவ்வொரு சேனலும் 2 ஓமைத் தூக்க வேண்டும். "4 ஓம் தாங்கும் ஆம்ப்தானே" என்று நினைத்து 4 ஓம் சப்பை பிரிட்ஜில் மாட்டி ஆம்பை எரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அலட்சியமாக இருந்தவர்கள் இல்லை. எழுதியிருந்த எண்ணை நம்பினார்கள். அது சேனலுக்கான எண் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பிரிட்ஜ் வசதி இருப்பதாக ஆம்பிலேயே எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள். ஸ்விட்ச் இல்லாத சாதாரண ஸ்டீரியோ ஆம்பின் இரண்டு பிளஸ்களுக்கு நடுவில் சப்பை மாட்டினால் அது பிரிட்ஜ் ஆகாது. ஒரு சேனலின் சிக்னலைத் தலைகீழாக்கினால்தான் பிரிட்ஜ். பிரிட்ஜில் எந்த முனையும் கிரவுண்ட் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். சப்பின் மைனஸை சேஸியில் தொடவிடக் கூடாது. இப்போது பலர் வாங்கிப் பொருத்தும் சிறிய கிளாஸ் டி (ஸ்விட்ச் போல வேகமாக ஆன், ஆஃப் ஆகி வேலை செய்யும்) ஆம்ப் போர்டுகளுக்கும் இது பொருந்தும். டிபிஏ3116 போன்ற சிப்களில் ஒவ்வொரு சேனலும் உள்ளேயே பிரிட்ஜாகத்தான் வேலை செய்கிறது. அவற்றின் மைனஸ் முனைகளை ஒன்றாக முடிச்சுப் போடவோ, வெளியே இன்னொரு பிரிட்ஜ் கட்டவோ கூடாது. அந்தச் சிப் 21 வோல்ட் சப்ளையில் 4 ஓமுக்கு இரண்டு 50 வாட் கொடுக்கும்; இரண்டு சேனலையும் போர்டிலேயே பேரலலாக்கி மோனோவாகக் கட்டினால் 2 ஓமுக்கு 100 வாட் கொடுக்கும். அந்த மோனோ அமைப்பில் உள்ள போர்டு கையில் இருந்தால் மட்டும் உங்கள் சப்பை பேரலலில் 2 ஓமாகப் போடுவதற்கு அர்த்தம் உண்டு. ஆம்ப் மாறினால் சரியான விடையும் மாறும்.

சொந்தமாக ஆம்ப் கட்டுபவர்களுக்கு ஒரு விஷயம். ஓமை மாற்றினால் சப்ளை மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும். டிடிஏ7294 சிப்பின் அட்டவணையில் 70 வாட்டுக்கு 8 ஓம் என்றால் இருபுறமும் (பிளஸிலும் மைனஸிலும்) 35 வோல்ட், 4 ஓம் என்றால் இருபுறமும் 27 வோல்ட் என்று கொடுத்திருப்பார்கள். 35 வோல்ட்டில் கட்டிய போர்டில் 4 ஓமைப் போட்டுவிட்டு ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று கேட்பதில் பயனில்லை. கடை ரிசீவர்கள் பலவற்றில் இருக்கும் இம்பீடன்ஸ் செலக்டர் ஸ்விட்ச் செய்வதும் ஏறக்குறைய இதையேதான். குறைந்த ஓமுக்குத் திருப்பினால் உள்ளே மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ குறைத்துவிடும்.

இரண்டாவது சப் சேர்க்கும் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு சப், நான்கு காயில்கள், ஒவ்வொன்றும் 4 ஓம். எல்லாவற்றையும் பேரலலில் போட்டால் 1 ஓம், எல்லாவற்றையும் சீரிஸில் போட்டால் 16 ஓம், ஒவ்வொரு சப்பையும் உள்ளே சீரிஸாக்கி இரண்டையும் வெளியே பேரலலாக்கினால் 4 ஓம். உங்கள் ஆம்பில் இவற்றை வைத்துப் பார்ப்போம். 4 ஓமை ஒரே சேனலில் கொடுத்தால் 160 வாட், சப்புக்கு 80. இன்னொரு சேனல் சும்மா இருக்கும். அதே 4 ஓமை பிரிட்ஜில் கொடுக்கவே கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். 16 ஓமாக்கி பிரிட்ஜில் கொடுத்தால் ஒவ்வொரு சேனலும் 8 ஓமைப் பார்க்கும், சேனலுக்கு 100 வாட், மொத்தம் 200, சப்புக்கு 100. இப்போது பிரிட்ஜே இல்லாமல், 8 ஓம் சப் ஒன்றை இடப்பக்க சேனலிலும் இன்னொன்றை வலப்பக்க சேனலிலும் மாட்டிப் பாருங்கள். சப்புக்கு 100, மொத்தம் 200. அதேதான்! ஆம்புக்கு இரண்டும் ஒரே வேலை. ஆகவே எளிய வழியையே எடுங்கள்: சேனலுக்கு ஒரு சப். ஒயரிங் தவறினாலும் கண்டுபிடிப்பது சுலபம், ஒரு சப் பழுதானாலும் மற்றது ஓடும். ரிசீவரின் சப் அவுட்டிலிருந்து ஒரு ஒய் கேபிள் (ஒரு முனை இரண்டாகப் பிரியும் கேபிள்) போட்டு இரண்டு இன்புட்டுக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்துவிடுங்கள்.

"ஒரு சப்புக்கு பிரிட்ஜில் 320 வாட் கிடைத்தது, இரண்டு சப்புக்குச் சேர்த்தே 200 தானே" என்று தோன்றலாம். காதால் கேட்டால் இரண்டு சப்தான் முன்னே நிற்கும். 320 வாட்டிலிருந்து 200 வாட்டுக்கு இறங்குவது 2 டெசிபல் இழப்பு. ஆனால் இரண்டு சப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, அதே வாட்டுக்கு 3 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். கூட்டிக் கழித்தால் 1 டெசிபல் லாபம். அதைவிடப் பெரிய லாபம், ஒவ்வொரு கோனும் குறைவாகவே அசைகிறது, காயிலும் குறைவாகவே சூடாகிறது, ஆம்பும் 4 ஓமுக்குப் பதில் 8 ஓமை நிதானமாக ஓட்டுகிறது. வாட்டைத் துரத்துவதைவிடக் கோனின் பரப்பைக் கூட்டுவது நல்லது என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். டெசிபல் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வாட் இரட்டித்தால் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். உங்கள் ஆம்பில் 8 ஓமிலிருந்து 4 ஓமுக்குப் போனால் கிடைப்பது 2 டெசிபல். ஆம்பைப் பணயம் வைக்கும் அளவுக்கு அது பெரிய விஷயமல்ல.

வேறு வேறு சப்புகளைக் கலக்காதீர்கள். 8 ஓம் ஒன்றையும் 4 ஓம் ஒன்றையும் சீரிஸில் போட்டால் 8 ஓம்தான் இரு மடங்கு வாட்டை எடுத்துக்கொள்ளும். பேரலலில் போட்டால் 4 ஓம் இரு மடங்கு எடுக்கும். ஒரே ஓம் போட்டிருந்தாலும் கம்பெனி, மாடல் வேறு என்றால் சீரிஸ் வேண்டாம், ஒன்றின் அசைவு இன்னொன்றின் மின்னழுத்தத்தைக் கலைக்கும். ஓமை ஏற்ற ரெசிஸ்டரைச் சேர்க்கும் யோசனையும் வேண்டாம். 2 ஓம் சப்போடு 2 ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தால் ஆம்ப் தப்பிக்கும். ஆனால் பாதி வாட் அந்த ரெசிஸ்டரைக் காய்ச்சும், கோனின் மேல் ஆம்புக்கு இருந்த பிடியும் போய்விடும்.

இப்போது மீட்டரை எடுங்கள். ஆம்பில் மாட்டுவதற்கு முன் அளந்து பார்க்காமல் இருப்பது நான் யாருக்கும் அனுமதிக்காத ஒன்று. முதலில் புரோப் இரண்டையும் ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள், 0.2, 0.3 என்று ஏதோ காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு காயிலை அளந்தால் 4 காட்டாது. 3.3, 3.5 என்று வரும். இது பழுதல்ல. மீட்டர் பார்ப்பது நேர்மின்சாரத்தின் தடையை மட்டுமே. 4 ஓம் என்பது மாறுமின்சாரத்தில், காயிலின் தூண்டலும் கோனின் அசைவும் சேர்ந்து தரும் இம்பீடன்ஸின் பெயரளவு எண். அந்தப் பெயரளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இம்பீடன்ஸ் எந்த இடத்திலும் இறங்கக் கூடாது என்பது ஐஇசி 60268-5 என்ற சர்வதேசத் தரவிதி. 8 ஓம் என்று போட்டால் குறைந்தது 6.4, 4 ஓம் என்றால் குறைந்தது 3.2. உங்கள் சப்பை சீரிஸில் கட்டியபின் இரு முனைகளிலும் 6.5 முதல் 7 வரை வந்தால் நிம்மதியாக இருங்கள்.

உண்மையில் அந்த இம்பீடன்ஸ் ஒரு எண்ணாக நிற்பதே இல்லை. அதிர்வெண் மாற மாற அதுவும் மாறும். கோன் தானாகவே ஆடத் துடிக்கும் அதிர்வெண்ணில், பல 12 அங்குல சப்புகளுக்கு 25, 30 ஹெர்ட்ஸ் பக்கத்தில், 8 ஓம் சப் 40 ஓமைக்கூடத் தாண்டும். மூடிய பெட்டியில் இந்த மேடு கொஞ்சம் மேலே நகரும். போர்ட் உள்ள பெட்டியில் இரண்டு மேடுகள், நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் போர்ட்டின் டியூனிங் அதிர்வெண்ணில் வரும்; அங்கே இம்பீடன்ஸ், மீட்டர் காட்டிய எண்ணுக்கு வெகு அருகில் இறங்கிவிடும். ஆம்ப் அதிகம் உழைப்பது அங்கேதான். இதை நேரில் பார்க்க ஆசை இருந்தால், 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சப்போடு சீரிஸில் போட்டு, ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் வைத்து, ஆம்பை மிகக் குறைந்த வால்யூமில் ஓட்டுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து சப்பின் குறுக்கேயும் ரெசிஸ்டரின் குறுக்கேயும் அளந்து, முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் அந்த அதிர்வெண்ணில் சப்பின் இம்பீடன்ஸ் வந்துவிடும். 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை 5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் எழுதிப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். உங்கள் பெட்டியைப் பற்றி வேறெதுவும் சொல்லாததை அந்தப் பட்டியல் சொல்லும்.

இரட்டைக் காயிலில் பிளஸ் மைனஸ் மாறினால் என்ன ஆகும் என்பதை நான் முதல் சப் கட்டியபோதே பார்த்தேன். சீரிஸில் இரண்டாம் காயிலைத் தலைகீழாக இணைத்துவிட்டேன். மீட்டரில் அளந்தால் 6.8 ஓம், எல்லாம் சரியாக இருந்தது. பாட்டுப் போட்டால் சப்பிலிருந்து ஏதோ முணுமுணுப்பு மட்டும். வால்யூமை ஏற்றினேன், கோன் அசையவில்லை. இன்னும் ஏற்றினேன். சில நிமிடங்களில் காயில் சூடாகிற வார்னிஷ் வாசனை வந்ததும் பயந்துபோய் நிறுத்தினேன். இரண்டு காயில்களும் எதிரெதிரே தள்ளிக்கொண்டு ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. மின்சாரம் முழுவதும் சூடாக மட்டும் போயிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு காயிலையும் 1.5 வோல்ட் பேட்டரியால் தொட்டுப் பார்க்காமல் நான் ஆம்பில் மாட்டுவதே இல்லை. பேட்டரியின் பிளஸைக் காயிலின் பிளஸில் ஒரு நொடி தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டு காயிலுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், கட்டி முடித்தபின் மொத்தமாக ஒருமுறை செய்யுங்கள். இரண்டாவது சப் வந்தால் அதுவும் அதே பக்கம் அசைகிறதா என்று பாருங்கள். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் அறையில் பேஸ் காணாமல் போகும்.

கேபிளைப் பற்றிச் சுருக்கமாக. ஆம்பிலிருந்து சப் 5 மீட்டர் தூரம் என்றால் மின்சாரம் போய்வர 10 மீட்டர் செம்பு. 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அது 0.17 ஓம், 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.07 ஓம். 8 ஓம் சப்புக்கு முதல் ஒயரில் 4 சதவீத வாட்தான் குறையும். அதுவே 2 ஓம் என்றால் 15 சதவீதம். உங்களுக்கு 1.5 சதுர மில்லிமீட்டரே போதும், 2.5 இருந்தால் நல்லது. சீரிஸ் இணைப்புக்கான அந்தச் சிறு ஒயரும் அதே தடிமனில் இருக்கட்டும். அதன் முனைகளைச் சால்டர் செய்து, பெட்டியின் அதிர்வில் எதையும் தட்டாதபடி உள்பக்கம் கட்டிவிடுங்கள்.

ரிசீவரின் சப் அவுட் என்பது சிக்னல் மட்டும்தான், அதில் சப்பை நேராக மாட்ட முடியாது. அதிலிருந்து உங்கள் பவர் ஆம்பின் இன்புட்டுக்கு வாருங்கள். கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லையை) ரிசீவரிலேயே 80 ஹெர்ட்ஸில் வைத்துவிடலாம். பிரிட்ஜில் ஓட்டினால் சிக்னலை எந்த இன்புட்டில் கொடுக்க வேண்டும் என்று ஆம்பின் பின்புறம் குறித்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு இன்புட்தான்.

உங்கள் ஒரு சப்பை முதலில் பிரிட்ஜ் இல்லாமல் ஒரு சேனலில், 8 ஓமில் 100 வாட்டில் ஓட்டிப் பாருங்கள். வீட்டு அறைக்கு அதுவே போதுமானதாக இருக்க வாய்ப்பு அதிகம். போதாவிட்டால் பிரிட்ஜுக்கு மாறுங்கள், அதற்கு முன் சப் தொடர்ந்து தாங்கும் ஆர்எம்எஸ் வாட் 320 பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அரைமணி நேரம் ஓடியபின் ஹீட்சிங்க்கில் கை வையுங்கள். இதமான சூடு இருக்கலாம். கையை வைத்திருக்கவே முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். குறைந்த சத்தத்தில் நன்றாக ஓடி, பேஸ் வலுத்ததும் ப்ரொடெக்‌ஷன் விழுந்து ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே டக்கென்று கழன்றால், ஆம்பை அணைத்து, சப்பின் கேபிளை ஆம்பின் பக்கத்தில் கழற்றி, அந்த முனையிலேயே மீட்டரை வையுங்கள். 6.8 வந்தால் ஒயரிங் சரி, குறை வேறெங்கோ. 3.4 வந்தால் ஒரு காயில் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கிறது. 1.7 வந்தால் இரண்டும் பேரலலாகிக் கிடக்கின்றன. எதுவும் காட்டாமல் திறந்தே கிடந்தால் காயில்களை இணைக்கும் சிறு ஒயரின் சால்டர் விட்டுப்போயிருக்கும். பெட்டியைத் திறந்ததும் முதலில் அங்கே பாருங்கள்.